அரை கப் கீரைக்குத் தொண்ணூறு கிராம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கு மத்தியானத் தூக்கம் என்கிற கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. முழுத் தூக்கம் என்று சொல்ல முடியாது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், ஜன்னல் திரை ஏறி இறங்கும், நான் பாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். கடைசியில் போய் நிற்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி சமையல்கூடமாகத்தான் இருக்கும். ஒரே ஆவி. எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. யாரோ மூடியைத் திறப்பார்கள், வெந்த அவரைக்காய் வாசம் வரும், தராசு முள் ஆடிக்கொண்டே இருக்கும். அது நிற்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

போன வாரம் அப்படி மிதந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. முன்பு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்து நோயாளிகளுக்கு உணவுச் சீட்டு எழுதுகிற பெண்.

"மேடம், தூங்கினீங்களா? ஒரே ஒரு டவுட். வெந்த கீரை அரை கப்னா எத்தன கிராம்? ஒரு ஆப் ஒண்ணு காட்டுது, இன்னொண்ணு வேற காட்டுது. நீங்க எவ்ளோ போடுவீங்க?"

"தொண்ணூறு," என்றேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், சொல்லியும் விட்டேன். பிறகுதான் சுரீரென்றது. "இரும்மா. அந்த நம்பர மட்டும் எழுதிக் குடுத்துடாத."

"ஏன் மேடம்?"

"போன்ல சொல்ற கத இல்ல. எழுதி அனுப்பறேன்."

அதைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும்தான் விளைச்சல். பட்டுக்கும் எங்களுக்கும் கல்யாணத்துக்குக் கல்யாணம்தான் உறவு. சென்னையில் போய் ஊட்டச்சத்துப் படிப்பு படித்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஹாஸ்டல் சாம்பாரும் பரீட்சையும்தான். பாடப் புத்தகத்தில் எல்லாமே கிராமில் இருந்தது. காஞ்சிபுரத்துக்கு வேலைக்கு வந்தால், ஆஸ்பத்திரியில் எல்லாமே கப்பில் இருந்தது. 'வெந்த காய் அரை கப், சாதம் ஒரு கப்' என்று அச்சடித்த சீட்டு. எந்தக் கப் என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தர் வீட்டில் காபி டம்ளர், இன்னொருத்தர் வீட்டில் சாம்பார்க் கிண்ணம், வேறொருத்தர் வீட்டில் சீர்வரிசையில் வந்த வெள்ளிக் கிண்ணம். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த வயதில் எனக்கு மூக்குமேல் கோபம், தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

எங்கள் பிரிவுக்குத் தலைவி வேதவல்லி மேடம். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், பெருமாள் கோயில் பக்கம் வீடு. ஒருநாளும் குரல் உயர்த்த மாட்டார். யாராவது தப்பு செய்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். நாம் என்ன தப்பு செய்தோம் என்று நாமே கண்டுபிடிக்கிற வரைக்கும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

நான் போய், "எல்லா காயையும் கிராமுக்கு மாத்திடலாம் மேடம்," என்றபோது அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பிள்ளையார்பாளையத்துல பாதி வீட்ல தராசு இருக்குது மேடம். பட்டு எடை போட வெச்சிருக்காங்க. கிராம் கணக்கு அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. கப்பவிட அதுதான் சுத்தம்."

"கப்புன்னா கண்ணு பாக்கும். கிராம்னா நம்பர மட்டும்தானே பாப்பாங்க?" என்றார். பிறகு, "சரி, செஞ்சு பாரு. சரியா செய்," என்றார்.

சரியாகச் செய்வது என்றால் என்ன என்று அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கக் காட்டினார். நோயாளிகளின் சாப்பாடு போன பிறகு, சமையல்கூடம் ஓய்ந்திருக்கிற மத்தியான நேரம். மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போடுவார். முதலில் வெறும் கப்பை எடை போட வேண்டும், துடைத்து, ஈரமில்லாமல். பிறகு வடித்த காயை மேலேயிருந்து தானாக விழும்படி கரண்டியால் போட வேண்டும். "அமுக்காதே. தட்டாதே. அதுவா உக்காரட்டும்." மேலே கோபுரமாக நிற்பதைக் கத்தி முதுகால் ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். எடை பார்த்து, கப்பின் எடையைக் கழித்து, எழுத வேண்டும். கொட்டிவிட்டு மறுபடியும். ஒவ்வொரு காய்க்கும் மூன்று முறை. மூன்றும் ஒத்துப் போகாவிட்டால், "இன்னொரு தரம்," என்பார். 'தப்பு' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

பீன்ஸ் ஒழுங்கான பிள்ளை, மூன்று முறையும் ஒரே எடை காட்டும். கத்தரிக்காய் குழைந்து ஏமாற்றும். பூசணி தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். கீரைதான் பெரிய மாயக்காரி. கூடை நிறையப் போட்டால் கரண்டியில் அடங்கிவிடும். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருக்கும். உள்ளே இரண்டு பேரும் பேசாமல் கீரையைக் கொட்டிக் கொட்டி அள்ளிக்கொண்டிருப்போம். எத்தனை மணி என்றே தெரியாது. இப்போது நினைத்தாலும் அந்த மத்தியானங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நீளமான மத்தியானமாகத்தான் இருக்கின்றன. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை. வடித்த கீரை, அரை கப், தொண்ணூறு கிராம். நானே எழுதினேன், நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

புதுச் சீட்டு அச்சாகி வந்தது. கப் போய் கிராம் வந்துவிட்டது. அச்சான முதல் கட்டிலிருந்து ஒரு சீட்டு ஏகாம்பரத்துக்குப் போனது.

ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. நாற்பது வயதுகூட ஆகவில்லை, சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி போய்விட்டன. டயாலிசிஸ் போடுகிற நாளை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட வேண்டும், அதற்குச் சாப்பாடு ஒன்றுதான் வழி என்று டாக்டர் என்னிடம் அனுப்பினார். காயில், கீரையில் எல்லாம் பொட்டாசியம் என்று ஓர் உப்பு உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும். அதனால் காயைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அளந்து சாப்பிட வேண்டும். இதையெல்லாம் அவர் மனைவி தனலட்சுமியிடம் சொன்னேன். அவள் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தராசு இருக்குதாமா வூட்ல?"

"இருக்குதுமா. நல்ல தராசு. அரை கிராம் போனாலும் காட்டும்."

"அப்ப கவலையே இல்ல. இதுல போட்டிருக்கிற எடை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது," என்றேன். இந்த வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ தடவை எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஏகாம்பரத்தை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் துவண்டு, நாடி தப்பித் தப்பி அடித்துக்கொண்டிருந்தது. பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அவசரமாக டயாலிசிஸ் போட்டுத்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் வேதவல்லி மேடமும் நானும் வார்டுக்குப் போனோம். கட்டிலுக்கு ஒரு பக்கம் தனலட்சுமி, இன்னொரு பக்கம் ஏகாம்பரத்தின் அக்கா ராணி. ராணி ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்தாள்.

மேடம் வழக்கமான மெல்லிய குரலில் கேட்டார். "என்னம்மா குடுத்தே? இளநீரா, வாழைப்பழமா? ஆசையா கேட்டிருப்பார், குடுத்திருப்பே. ஒளிக்காம சொல்லு."

"சீட்டுல இருக்கறத தவிர ஒரு வாய் குடுக்கலமா."

"குடுக்காம எப்படி ஏறும்?"

"தெரியலமா. அவர் மேல சத்தியமா குடுக்கல."

"இவ பொய் சொல்றா," என்றாள் ராணி. "நான் வர்றப்பல்லாம் பாக்கறேன், பை பையா காயும் கீரையும் வாங்கிக்கினு வரா. ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்ளோ? எல்லாத்தையும் எந்தம்பிக்குத்தான் கொட்டிக்கினு இருக்கறா. இனிமே அவன் இவ கைச்சோறு துன்ன வேணாம். பெட்ட வுட்டு எழுந்தா நேரா எங்க ஊருக்கு இட்டுக்கினு போயிடறேன்."

ஏகாம்பரத்துக்குக் கண்ணைத் திறக்கிற தெம்பு இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் தனலட்சுமியைத்தான் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன், மறைக்க விரும்பவில்லை. என் சீட்டு சுத்தம், என் கணக்கு சுத்தம், இந்தப் பொம்பளைதான் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தேன். இந்த ஊரில் எத்தனை மனைவிகள் பாசத்தில் பழத்தை முந்தானையில் ஒளித்துக் கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் திரும்பும்போது அவள் வராந்தா வரை என் பின்னாலேயே வந்தாள். அழவில்லை. "நாளைக்கு வூட்டுக்கு வாங்கமா. நான் எப்படி ஆக்கறேனோ அதே மாதிரி ஆக்கிக் காட்றேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். குற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான் போனேன்.

மறுநாள் மத்தியானம் பிள்ளையார்பாளையத் தெருவில் வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். யாரோ சாயம் போட்டுக் கழுவிவிட்ட தண்ணீர் கால்வாயில் ரோஜா நிறமாக ஓடியது, கொஞ்ச தூரத்தில் இன்னொரு வீட்டுப் பச்சை அதில் வந்து சேர்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நடந்ததில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். தனலட்சுமிதான் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனாள். அந்த வீட்டில் மட்டும் தறி சும்மா நின்றது. பாதி நெய்த சேலையை ஒரு பழைய வேட்டியால் மூடி வைத்திருந்தார்கள்.

அவள் மூன்று கட்டு முளைக்கீரையை எடுத்தாள். 'ஒரு வேளைக்கா?' என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். பொடியாக அரிந்தாள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது, அதில் போட்டாள், வேகவிட்டாள், ஓட்டைத் தட்டில் வடித்தாள். தண்ணீரைத் துளி மிச்சமில்லாமல் கொட்டினாள். எல்லாம் நான் சொன்னபடியேதான். ஆவி அந்தச் சின்ன அடுக்களையை நிறைத்தது. எனக்கு ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரியே இருந்தது.

இனிமேல் தராசில் வைப்பாள் என்று பார்த்தால், அவள் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கீரையை அதில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்க ஆரம்பித்தாள். தோள் நரம்பு புடைக்க முறுக்கினாள். பச்சைத் தண்ணீர் சளசளவென்று கொட்டியது. பிறகு திரும்ப விரித்து, உதிர்த்து, இன்னொரு முறை முறுக்கினாள். அப்புறம் அதைத் தட்டில் பரப்பி விசிறியால் விசிறினாள்.

"இது எதுக்குமா?" என்றேன்.

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "எடை போடணுமில்ல?"

"அதுக்கு?"

"ஈரத்தோட எப்படிமா எடை போடறது? அது பொய் எடையாச்சே." அவள் குரலில் லேசாக ரோஷம் வந்தது. "முதலாளிங்க பட்ட எடை போட்டுத்தான் குடுப்பாங்க, சேலையவும் எடை போட்டுத்தான் வாங்குவாங்க. நூல எடுத்துக்கினு, ஈரம் காட்டி எடைய சரிக்கட்டினான்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அந்த வூட்டுக்கு அப்புறம் நெய்ய பாவு நூல் குடுக்க மாட்டாங்கமா. எங்க வூட்ல ஈரத்துல எதையும் தராசுல வெக்க மாட்டோம். அவுரு சொல்லிச் சொல்லி எனக்குக் கையே வராது."

காய்ந்து சுருங்கிய கீரையைத் தராசில் வைத்தாள். கண்ணாடிக்குள் எண் ஏறி ஏறி, தொண்ணூறில் நின்றது. மூன்று கட்டுக் கீரை, ஒரு கைப்பிடி கறுத்த உருண்டையாக அங்கே உட்கார்ந்திருந்தது.

"எல்லா காயும் இப்படித்தானா?"

"எல்லாம்தான். சுரைக்கா ஒரு முழுக் காயி வேணும் இந்த எடைக்கு. பஞ்சத் துன்ற மாதிரி இருக்குதுன்னு சொல்வாரு. ஆனா வுடாம துன்னுடுவாரு. கூடவும் கூடாது, குறையவும் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் ஆஸ்பத்திரியில் கரண்டியில் அள்ளிப் போட்ட கீரையில் மூன்றில் இரண்டு பங்கு எடை பிழிந்தால் போய்விடுகிற தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் தொண்ணூறு. அரை கப் என்றே விட்டிருந்தால், கைப்பிடி உருண்டை இவ்வளவு இறுக்கமாக இருக்கிறதே என்று எந்தக் கண்ணுக்கும் தோன்றியிருக்கும். நான் கப்பை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்தேன். அவள் அந்த எண்ணுக்கு ஒரு கிராம்கூடத் துரோகம் செய்யவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் மூன்று வேளைக் காயை அவருக்குக் கொடுத்தாள். ஒரு சோம்பேறியோ ஏமாற்றுக்காரியோ அந்த வீட்டில் சமைத்திருந்தால் ஏகாம்பரம் படுத்திருக்கவே மாட்டார்.

அவளிடம் அப்போதே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வார்டுக்கு வந்து பேசறேன்மா," என்று எழுந்து வந்துவிட்டேன். கோழைத்தனம்தான். வெளியே கால்வாயில் தண்ணீர் இப்போது நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அதை ஒட்டியே நடந்தேன். யாராவது கேட்டிருந்தால் எந்தத் தெரு என்று சொல்லத் தெரிந்திருக்காது.

வேதவல்லி மேடம் அறையில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், ஜன்னலைப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது, இந்த முறை அவர் நான் கண்டுபிடிப்பதற்காகக் காத்திருக்கவில்லை. வார்டில், அத்தனை பேர் எதிரில், அந்தப் பெண்ணைக் கேட்ட கேள்வியைத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் எழுந்து உட்கார மேலும் இரண்டு நாள் ஆனது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு நாங்கள் போனபோது ராணி அவர் துணிமணிகளைப் பையில் மடித்து வைத்துத் தோளில் மாட்டியிருந்தாள். ஐயம்பேட்டைக்கு வண்டி சொல்லியாகிவிட்டது. தனலட்சுமி சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒன்றுமில்லை.

"தப்பு இவங்க மேல இல்ல," என்றேன் ராணியிடம். "சீட்டுல தப்பு. வடிச்ச காய தண்ணியோட எடை போட்டு எழுதிட்டு, அத சொல்லாம வுட்டது நான். இவங்க சுத்தமா பிழிஞ்சு எடை போட்டாங்க. அதான் கூடிப் போச்சு."

ராணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவளுக்கு ஒத்தாசையா பேசறீங்க. அவ அழுதிருப்பா உங்ககிட்ட."

தனலட்சுமி சுவரை விட்டு முன்னால் வந்தாள். "எழுதிக் குடுங்கமா," என்றாள்.

"என்னது?"

"வாயால சொன்னது தெருவு முனையிலயே போயிடும். எங்கிட்ட குடுத்தீங்களே சீட்டு, அது மாதிரி எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க."

நான் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, கட்டில்மேல் வைத்தே எழுதினேன். கையெழுத்துப் போட்டுத் தாளை அவளிடம் நீட்டியபோது வேதவல்லி மேடம் நடுவில் கை நீட்டி வாங்கிக்கொண்டார். பேனாவைத் திறந்தார். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி, தன் பெயரையும் பதவியையும் போட்டு, தனலட்சுமியிடம் கொடுத்தார்.

அவள் அதைப் படிக்கவில்லை. நேரே ராணியிடம் நீட்டினாள்.

"படிங்க அண்ணி. சத்தமா படிங்க. அன்னிக்கி இருந்தவங்க எல்லாம் இங்கதான் இருக்கறாங்க."

ராணி தம்பியைப் பார்த்தாள். ஏகாம்பரம், "படி அக்கா," என்றார்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஏகாம்பரத்தின் மனைவி தனலட்சுமி போட்ட எடையில் எந்தத் தவறும் இல்லை. நான் கொடுத்த சீட்டில்தான் தவறு." கொஞ்சம் நிறுத்தி, மேடத்தின் வரிக்கு வந்தாள். குரல் இறங்கிவிட்டது. "இந்தப் பெண் உண்மையைச் சொன்னாள். நான் நம்பவில்லை. அது என் தவறு."

ராணி தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றித் தம்பியின் கட்டில்மேல் வைத்தாள். தனலட்சுமி அதை எடுத்து மாட்டிக்கொண்டு, அவர் கையின் கீழே தன் தோளைக் கொடுத்து, "எழுந்திருங்க, நம்ம வூட்டுக்குப் போலாம்," என்றாள்.